ஸ்கேன் அறை வாசலில் ஒரு மஞ்சள் கயிறு

என் அண்ணி ஞானாம்பாளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளை எப்போதும் என் அண்ணன் சுப்ராயன்தான். மண்டபம், புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறை வாசல். மேளச் சத்தத்துக்கும் குறைவில்லை, அதை அந்த மெஷினே பார்த்துக்கொள்ளும்.

விஷயம் இதுதான். அண்ணியின் தலைக்குள் இரண்டு கட்டிகள் இருக்கின்றன. ஆறு வருஷத்துக்கு முன்னால் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள், வலிப்பு வந்து பாத்திக்குள்ளேயே விழுந்தாள். மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். பக்கத்துப் பாத்தியில் நின்றவர்கள் ஓடிவந்து தூக்கியிராவிட்டால் அன்றைக்கே போயிருப்பாள். அப்போது கட்டிகள் மூன்று. பெரியதை மண்டையைத் திறந்து எடுத்தார்கள். மற்ற இரண்டும் சுலபத்தில் கைவைக்க முடியாத இடத்தில் இருந்தன. "கெட்ட கட்டி இல்லம்மா. வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார் டாக்டரம்மா. அதிலிருந்து மாத்திரையும் ஸ்கேனுமாக ஓடுகிறது.

நானாக இருந்தால் ஊரையே திட்டித் தீர்த்திருப்பேன். அண்ணி வேறு ரகம். வெயிலில் நிற்கக் கூடாது என்றதும் உப்பு பாக்கெட் போடும் கொட்டகைக்கு மாறிக்கொண்டாள். "மண்டையில ரெண்டு பேரு வாடகை குடுக்காம குடியிருக்காங்க. சத்தம் போடாம இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்பாள். பஸ்ஸில் இடம் கொடுத்தவருக்கு நன்றி, ஊசி போட்ட நர்சுக்கு நன்றி. ஸ்கேன் எடுக்கும் கார்த்திகேசன் தம்பிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பை உப்பு. உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று அதை மேசைமேல் வைத்துவிட்டு வருவாள். "அந்த மெஷினுக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு வா அண்ணி" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். "போட்டுட்டுத்தான்டி வந்தேன்" என்றாள்.

கல்யாணக் கதைக்கு வருகிறேன். அந்த அறைக்குள் இரும்பு, தங்கம் எதுவும் போகக் கூடாது. மூக்குத்தி, மெட்டி, தாலிச் சங்கிலி, அதில் மாட்டி வைத்திருக்கும் ஊக்குகள், எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். முதல் தடவை வெறுங்கழுத்தோடு போக மாட்டேன் என்று அண்ணி அழுதுவிட்டாள். அண்ணன் ஓடிப்போய் மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு வாங்கிவந்து, அந்த வாசலிலேயே அவள் கழுத்தில் கட்டினான். கயிற்றையும் மஞ்சளையும் மெஷின் ஒன்றும் சொல்லாது. அதுவே வழக்கமாகிவிட்டது.

போன ஐப்பசியில் எடுத்த ஸ்கேனில்தான் சிக்கல் வந்தது. கட்டிகளில் ஒன்று கொஞ்சம் வளர்ந்திருந்தது. "கண்ணு நரம்புக்குப் பக்கத்துல இருக்குது. ஆறு மாசத்துல மறுபடி பார்ப்போம். இன்னும் வளர்ந்திருந்தா தலையைத் திறக்காம முடியாது. பார்வைக்கு நான் உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. அந்த ஆறு மாசமும் அண்ணி எப்போதும்போல பாக்கெட் போட்டாள், சிரித்தாள். நான்தான் ராத்திரியில் புரண்டு புரண்டு படுத்தேன்.

சித்திரையில் அந்த நாள் வந்தது. தையல் கடையைப் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே வானம் கறுத்தது. அண்ணன் வேலை பார்க்கும் உப்பளத்திலிருந்து அவனுக்குப் போன் வந்தது. பேசி முடித்தவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"குவிச்சு வெச்ச உப்பு அம்பாரம் மூடாம கெடக்குதாம். மழை விழுந்தா அவ்ளோ உப்பும் கரைஞ்சிடும். அத்தினி பேரு கூலியும் போச்சி. நீங்க போங்க, தார்ப்பாய் போட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வந்துடுறேன்."

"இன்னிக்குப் பார்த்தா அண்ணா?" என்று கத்தினேன்.

"போயிட்டு வாங்க" என்றாள் அண்ணி அவனிடம். அவளே அப்படிச் சொன்னபிறகு நான் யாரைத் திட்டுவது? இருந்தாலும் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் திட்டிக்கொண்டுதான் போனேன். அங்கே பஸ்ஸிலிருந்தே அய்யனார் கோயில் பக்கம் பார்த்து அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இன்னா வேண்டிக்கின?"

"உப்பு நனையக் கூடாதுன்னு."

"அடிப்பாவி! உன் கண்ணுக்கு வேண்டிக்கலியா?"

"அத போன வாரமே சொல்லிட்டேன். ஒரே விஷயத்த எத்தினி தடவ சொல்றது? அவருக்கும் வேலை இருக்காதா?"

ஆஸ்பத்திரியில் சீக்கிரமே பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அண்ணி உப்புப் பையை மேசைமேல் வைத்தாள். மூக்குத்தியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், மெட்டியைக் கொடுத்தாள். தாலிச் சங்கிலியில் கை வைத்தபோதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. கயிறு அண்ணன் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. அண்ணனோ உப்பளத்தில் இருந்தான்.

எதிரே பிள்ளையார் கோயில் பூக்கடைக்கு ஓடி ஒரு மஞ்சள் கயிறு வாங்கி வந்தேன். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு வரட்டும்" என்றாள்.

"அக்கா, இப்ப போகலன்னா அடுத்தவங்கள அனுப்பணும். அப்புறம் வேற தேதிதான் கிடைக்கும்" என்றான் கார்த்திகேசன். அவன்மேல் தப்பில்லை, பின்னால் அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "தலைக்குள்ள இருக்கிறத விட்டுட்டுக் கழுத்துல இருக்கிறதப் பார்க்கிறியா அண்ணி? கயிறுதானே!"

அண்ணியின் கண் கலங்கிவிட்டது. அந்த முதல் தடவைக்கு அப்புறம் இத்தனை வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"பயமா இருக்குதுடி. அதுக்குள்ள தலையை அசைக்க முடியாது, யாரும் தெரிய மாட்டாங்க. அந்த மஞ்சள் வாசனை மட்டும் மூக்குக்கு வரும். அவரு வாசல்லதான் நிக்கிறாருன்னு நெனைச்சுக்குவேன். அந்தத் தெம்புலதான் படுத்துக் கெடப்பேன். இந்தத் தடவ வெளிய வந்தா இன்னா சொல்லப் போறாங்களோ."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் கேட்டது. "மழை பிடிச்சிக்கிச்சி யுவராணி. நான் வர நேரமாவும். நீயே கட்டு. எனக்கும் சேர்த்து நீயே கட்டிடு." போனை வைத்துவிட்டான்.

நான் எழுந்தேன். "இங்க பாரு அண்ணி. உன் கல்யாணத்துல எங்கண்ணன் போட்டது ஒரே ஒரு முடிச்சு. மீதி ரெண்டையும் பின்னால ஸ்டூல் போட்டு நின்னு நாத்தனார் நான்தான் போட்டேன். கணக்குப் பார்த்தா உன்மேல எனக்குத்தான் உரிமை அதிகம். குனி."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அண்ணிக்கும் கண்ணீரோடு சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ நான் உன் பொண்டாட்டியாடி?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தாள். மூன்று முடிச்சும் போட்டேன். வரிசையில் இருந்த ஒரு அம்மா கையைத் தட்டினார். கார்த்திகேசன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

மெஷின் அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் முடிகிறவரைக்கும் நான் வாசலை விட்டு நகரவில்லை. மூத்திரம் முட்டியது, அப்போதும் நகரவில்லை. அண்ணனுக்கும் சேர்த்து நிற்க வேண்டுமே.

மத்தியானம் டாக்டரம்மா கூப்பிடும்போதுதான் அண்ணன் வந்து சேர்ந்தான். தலை முதல் கால் வரை ஈரம், முழங்காலில் உப்பு ஒட்டியிருந்தது. "ஓரத்துல கொஞ்சம் கரைஞ்சிடுச்சி. மத்தத மூடிட்டோம்" என்றான். அண்ணி அய்யனார் இருந்த திசையில் கையெடுத்தாள்.

டாக்டரம்மா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வளரலம்மா. ரெண்டுமே அப்படியே இருக்குது. பழையபடி ஒரு வருஷம் கழிச்சு வந்தா போதும்."

"ரொம்ப நன்றிங்கம்மா" என்றாள் அண்ணி, சந்தையில் மீதிச் சில்லறை வாங்கியவள்போல அமைதியாக. அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டான். நான் வெளியே ஓடிப்போய் ஓவென்று அழுதேன். கட்டி இருப்பவள் வந்து கட்டி இல்லாதவளைத் தேற்றினாள், கொடுமையைப் பாருங்கள்.

அப்போதுதான் அண்ணன் பாக்கெட்டிலிருந்து தன் கயிற்றை எடுத்தான். மழையில் மஞ்சள் கரைந்து சட்டையெல்லாம் திட்டுத் திட்டாக இருந்தது. "இப்ப கட்டிவிடட்டுமா?" என்று சின்னப் பையன்போல அண்ணியைக் கேட்டான்.

அண்ணி கழுத்தில் இருந்ததைக் கையால் மூடிக்கொண்டாள். "இது இருக்குதே. அது அடுத்த வருஷத்துக்கு ஆவும்" என்றாள். அவன் கையிலிருந்து அதை வாங்கி என்னிடம் நீட்டினாள். "உங்கண்ணன் பாக்கெட்ட நம்ப வேணாம். நீயே வெச்சிரு."

வீட்டுக்கு வந்து அதை நிழலில் காயவைத்தேன். இப்போது என் தையல் மெஷின் டிராயரில் இருக்கிறது. வருகிற சித்திரையில் அண்ணன் அதை அண்ணி கழுத்தில் கட்டுவான். ஒரே ஒரு முடிச்சுதான் அவனுக்கு. மீதி இரண்டையும் நான் போடுவேன்.