தண்ணீரின் ஓரத்தை வரைந்தவர்

சேறு காயும் வாடையில் ஒரு கசப்பு உண்டு. சிறுமலைப் பக்கமிருந்து காற்று இறங்கும் காலைகளில், திண்டுக்கல்லில் என் வீட்டு மாடியில் நிற்கும்போதுகூட எங்கிருந்தோ அது மூக்கில் ஏறிவிடுகிறது. ஏறியதும் அந்தப் பெண் நினைவுக்கு வருகிறார். கூடவே, இன்னும் தீராத சந்தேகமும்.

ஆத்தூர் போகும் வழியில், அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில் ஒரு குளம். கோடை தொடங்கியபோது அதன் கரையில் வந்து உட்கார்ந்தார் அவர். தாளும் இல்லை, தூரிகையும் இல்லை. மடியில் ஒரு டேப்லெட், விரலிடுக்கில் ஒரு வெள்ளைப் பேனா. விடிந்ததும் வருவார், வெயில் சுட்டதும் போவார். கணினியில் படம் வரைவதுதான் தொழில், தண்ணீரை வரைகிறேன் என்றார். ஊர் நம்பவில்லை. "தண்ணியில வரையிறதுக்கு என்னப்பு கெடக்கு? மனை போட அளக்க வந்தவுக மாதிரில்ல இருக்கு" என்றார்கள் டீக்கடையில். டேப்காரம்மா என்று பேரும் விழுந்தது. அந்தக் கோடையில் அக்கா வீட்டில் தங்கியிருந்த நானும் நம்பவில்லை. தண்ணீரை வரைகிறவர் தண்ணீரைத்தானே பார்ப்பார். இவரோ தண்ணீர் முடிகிற ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு வழக்கம். தண்ணீர் இறங்க இறங்க, அது விட்டுப்போன ஈரத்தில் வெள்ளரியும் கீரையும் போடுவார்கள். மழை பெய்து தண்ணீர் ஏறினால் பின்வாங்கிவிட வேண்டும். என் மச்சான் மட்டும் சில வருடங்களாகப் பின்வாங்கவில்லை. மண் கொட்டி வரப்பை உயர்த்தி, தக்காளி போட்டிருந்தார். அந்தக் கோடையிலும் முள்வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்திக்கொண்டிருந்தார். அக்கா வீட்டில் உலை கொதித்தது அந்தத் தக்காளியால்தான்.

ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய், நயமாகக் கேட்டார்: "ஏந்தாயி, இம்புட்டு நாளா அப்படி என்னத்த வரையிறீக? செத்த காட்டுங்களேன்."

அந்தப் பெண் தயங்கவில்லை. ஒவ்வொரு நாளின் தண்ணீரையும் தனித்தனி அடுக்காக வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தார். விரலால் தள்ளத் தள்ளப் பச்சை நீலமாகி, நீலம் செம்மண்ணாகி, குளம் மூச்சை உள்ளிழுப்பதுபோல் சுருங்கியது. நான் கிறங்கி நின்றேன். மச்சான் முகம் வெளுத்தது. தண்ணீர் பின்னால் போகப் போக, ஒரு முள்கோடு அதைத் துரத்திக்கொண்டு முன்னால் வந்தது. அவருடைய வேலி.

"இத யாருட்ட காட்டுவீக?"

"யாரு பாக்க வந்தாலும் காட்டுவேண்ணே."

திரும்பும் வழியில் மச்சான் சொன்னார்: "மாப்ள, இந்தம்மா படம் வரையல. நமக்குக் குழி வெட்டுது."

ஆடியில் குளத்து ஆக்கிரமிப்பை அளக்கிற சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். வேலி போயிற்று, வரப்பு போயிற்று. படத்தைப் பார்த்துத்தான் வந்தார்களா, எவருக்கும் தெரியாது. இன்று அங்கே தண்ணீர் தளும்புகிறது, நாரைகள் நிற்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த அழகை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மச்சான் தாடிக்கொம்புப் பக்கம் கூலிக்குப் பூப்பறிக்கப் போகிறார்.

அளக்க வந்ததற்கு முந்தின வாரமே அந்தப் பெண் ஊரைவிட்டுப் போயிருந்தார். பஸ்ஸுக்காக நின்றவரிடம் மச்சான் ஓடிப்போய்க் கேட்டது என் காதில் அப்படியே இருக்கிறது.

"அந்த வேலிய மட்டும் அழிச்சுருங்க தாயி. படம் கெட்டா போயிரும்?"

"நேத்தே அழிச்சுட்டேண்ணே."

"எங்க, காட்டுங்க."

அவர் டேப்பைப் பைக்குள் தள்ளினார். மச்சான் முகத்தைப் பார்க்கவில்லை.

"பஸ் வந்திருச்சுண்ணே. வாரேன்."