டூரிகா திராட்சையும் என் பொறுக்கும் கையும்

போன மாதம் ஒரு புதன்கிழமை, என் வேலைக்கு நானே உலை வைக்கப் பார்த்தேன்.

மெல்போர்னுக்கு வெளியே ஒரு ஒயின் கம்பெனி லேபில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். லேப் கோட் போட்ட முதல் ஆளும் நானே. பெருமைதான்... மறைப்பானேன்? ஆனால் அன்று ப்ரொபேஷன் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் டூரிகா நாசியனால் என்றொரு கறுப்புத் திராட்சை. போர்ச்சுகல்காரர்களின் செல்லப்பிள்ளை. சின்னப் பழம், தடித்த தோல், கொஞ்சம்தான் காய்க்கும். இருப்பதே ஆறு வரிசை. எப்போது அறுவடை என்பதைச் சாற்றின் சர்க்கரை அளவுதான் சொல்லும். அதற்காக வரிசை வரிசையாகப் போய், உதிரியாகப் பழம் பறித்து வந்தேன். பிழிந்தேன். அளந்தேன். பிரமாதம்!

"அப்ப நாளைக்கே வெட்டலாம்" என்று ஆட்களுக்குச் சொல்லிவிட்டார் கௌரி அக்கா. என் மேலதிகாரி, யாழ்ப்பாணக்காரர்.

மத்தியானம், பையில் மிச்சமிருந்த பழங்களைப் பார்த்தேன். ஒன்றுகூடக் காய் இல்லை. ஒன்றுகூடச் சுருங்கவில்லை. எப்படி இருக்கும்? எங்கள் ஊர் கம்பத்தில், அப்பாவோடு சந்தைக்குத் திராட்சைப் பெட்டி கட்டிய கை இது — தானாகவே நல்லதைப் பொறுக்கும். இலை மறைவில் கிடந்ததை நான் தொடவே இல்லை! அப்படியானால் நான் அளந்த சர்க்கரை பொய்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் பழுக்காமல் வெட்டினால், இந்த வருட டூரிகா மொத்தமும் வெறும் புளிப்பு.

சொன்னேன்.

கௌரி அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "நீர் என்ன, கலியாண வீட்டுத் தாம்பாளத்துக்கோ பழம் பொறுக்கினனீர்?"

இருவரும் திரும்பப் போனோம். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்ததைப் பறித்தேன். அளந்தால்... இன்னும் ஒரு வாரமாவது கொடியில் நிற்க வேண்டும். அக்கா போன் போட்டு ஆட்களை நிறுத்தினார்.

"அக்கா... என் ப்ரொபேஷன்?"

"பாஸ் எண்டுதான் எழுதுவன். போய்த் தேத்தண்ணி போடும். எனக்குச் சீனி வேண்டாம்."

ஓடிப்போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்கு இது ஒரு வியாதியோ? ஊருக்குப் பேசும்போதும் நல்ல சேதியை மட்டும் பொறுக்கித்தான் சொல்வேன். அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், ஒன்றுவிடாமல்.

அவருக்கு வேறு கவலை.

"காயையும் சேத்துப் பறிக்கச் சொல்றாங்களா? நல்ல கம்பெனிதானாம்மா அது?"