ஆறு பூஜ்ஜியங்களும் ஓர் எடைச் சீட்டும்

பளிங்கக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். விடுதியில் படுக்கை விரிப்புகள் வைக்கும் அறையின் கதவு அது. உள்ளே என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியவர இரண்டு மாதம் ஆனது.

அவர் ஐந்து மாடித் தங்கும் விடுதி ஒன்றில் துப்புரவு மேற்பார்வையாளர். பத்தொன்பது வயதில் மாடிப்படி துடைக்க வந்தவர். இருபத்து மூன்று வருடத்தில் பதினான்கு பேரை மேய்க்கும் நிலைக்கு வந்திருந்தார். அவர் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று சமையல்கட்டில் யாரோ சொல்லப்போய், பளிங்கு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. "துணித் துண்டு கீழ விழறதுக்குள்ள கை நீட்டிப் பிடிச்சிடுவா. எனக்குத் தைக்கிற மாதிரியே இல்ல, யாரோ கேட்ச் பயிற்சி எடுக்கிற மாதிரி இருக்கு" என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

விருந்தினர் கண்ணில் படும்படி ஊழியர்கள் உட்காரக் கூடாது என்பது அந்த விடுதியின் விதி. அக்கா கண்ணில் படாத இடத்திலும் உட்கார்ந்ததில்லை. நாற்பது தாண்டியதும் வலது முட்டி கணக்குக் கேட்க ஆரம்பித்தது. படியேறினால் 'டக், டக்' என்று சத்தம் வரும். "அதுவும் ஒரு வசதிதான். நான் வர்றது பொண்ணுங்களுக்கு ஒரு மாடி முன்னாடியே தெரிஞ்சிடும். ஃபோனை உள்ள வெச்சிடுவாங்க" என்பார்.

எங்கள் கற்றல் வட்டம் இந்த விடுதி இருக்கும் சாலையில்தான் தொடங்கியது. விடுதி, பேக்கரி, அச்சகம், பள்ளி, மருத்துவமனை, பேருந்துப் பணிமனை என்று ஆறு இடங்கள். குப்பையையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் எப்படிக் குறைப்பது என்று தனித்தனியே மண்டையை உடைத்துக்கொள்ளாமல், ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வது என்று ஏற்பாடு. நடத்தியவர் ஒல்லியான, எதற்கும் சட்டென்று நெகிழ்ந்துவிடும் மனிதர். துப்புரவுப் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் வட்டம் சார். நடப்பதை எழுதிக்கொள்வது என் வேலை: ஒரு பிரதி நம் மொழியில், இன்னொன்று வட்டத்துக்குப் பணம் கொடுத்த நிறுவனம் படிக்கும் மொழியில்.

முதல் பாடம் எளிமையானது. மாதம் ஓர் இடத்துக்குப் போய், அங்கே ஒரு நாளில் சேரும் குப்பையைக் கொட்டி, பிரித்து, எடை போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் விடுதி.

மேலாளர் இதை அக்காவிடம் விளக்கிச் சொன்னார். அக்காவுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை.

"வீட்டுக்கு ஆள் வந்தா முறத்தை ஒளிச்சு வைக்கிறவ நான். என்னைப் போய் குப்பையை விரிச்சு வெச்சு 'வாங்க, வாங்க'ன்னு கூப்பிடச் சொன்னா எப்படிம்மா?" என்று பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

அந்தச் சாலையில் குப்பை லாரி ஓட்டுவது அவருடைய சொந்தத் தம்பி. வழக்கமாகப் பதினொரு மணிக்கு வருபவனை அன்று காலை ஆறு மணிக்கே வரவழைத்தார். தொட்டிகள் காலியாயின. தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து, துடைத்து வரிசையாக நிறுத்தினார். அதற்குப் பிறகு அறைகளில் சேர்ந்ததையெல்லாம் பைகளில் கட்டி, படுக்கை விரிப்பு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். தொட்டிகளுக்கு எதிரே இருந்த அந்தக் கதவின்மேல்தான் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

பத்து மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு பேர் போனோம். ஆறு தொட்டிகளையும் எட்டிப் பார்த்தோம். அடியில் எங்கள் முகம் தெரிந்தது. எலுமிச்சை சோப்பு வாசனை வந்தது.

"எங்கேம்மா குப்பை?" என்றார் வட்டம் சார்.

"எங்ககிட்ட குப்பை நிக்காது சார்."

பொய் என்றும் சொல்ல முடியாது. மேலாளருக்கு இரண்டு அங்குலம் நெஞ்சு விரிந்தது. "எங்க நிர்வாகம் அப்படி" என்றார். வட்டம் சார் பலகையில் பெரிய பூஜ்ஜியம் ஒன்று போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினோம். பேக்கரி முதலாளி மட்டும் அரைமனதாகத் தட்டினார். அவர் அந்த விடுதியில் ஒருமுறை தங்கியிருக்கிறார்.

ஒரு வாரத்தில் சேதி வந்தது. ஆறு இடங்களும் சேர்ந்து ஒரு பயிற்சியாளரை நியமிக்கப் போகின்றன. அது பளிங்கக்காதான். முதல் மாடியில் தனி அறை, மேசை, சுழல் நாற்காலி. மேலாளர் அறையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே போனதும், அக்கா எட்டிப் பார்த்து யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாராம். இருபத்து மூன்று வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் முதல் தடவை.

"உக்காந்ததும் முட்டி 'அப்பாடா'ன்னுச்சும்மா. நான் சொல்லல, அது சொல்லிச்சு. ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். ஜன்னல்ல ரோடு தெரியுது, மரம் தெரியுது, திரும்பவும் மேசை வருது. சின்னப் பிள்ளை மாதிரி நாலு சுத்து."

மூன்று மாதம் கழித்து, முதல் தேதி வேலையில் சேர வேண்டும். அக்கா நாள் எண்ணத் தொடங்கினார். கணவர் மேசைக்கு விரிப்பு ஒன்று தைத்து, ஓரத்தில் பூ வேலையும் போட்டுக் கொடுத்தார்.

இதற்கிடையே மற்ற ஐந்து இடங்களின் துப்புரவுப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியாக வந்தார்கள். "அக்கா, எங்க முதலாளி உயிரை எடுக்கிறார். அவங்களால முடியுது, உங்களால ஏன் முடியலன்னு கேக்கிறார். எப்படிக்கா செஞ்சீங்க?" தன் ஆட்களிடம் கதை அளக்க அக்காவுக்கு வாய் வரவில்லை. பேக்கரியில் தட்டுக் கழுவும் பெண்ணிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அவள் அச்சகத்தில் சொன்னாள். அச்சகம் பள்ளியில் சொன்னது. ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதானே வட்டம் வைத்தோம்? அவ்வளவு வேகமாக எங்கள் வட்டத்தில் வேறு எதுவும் பரவியதில்லை.

அடுத்த அளவெடுப்பில், மாதம் ஓர் இடம் என்று இழுக்காமல், ஆறு இடமும் ஒரே நாளில் எடை போட்டுச் சொல்வது என்று திட்டம். விடுதி, பூஜ்ஜியம். பேக்கரி, பூஜ்ஜியம். அச்சகம், பள்ளி, பணிமனை, பூஜ்ஜியம். மருத்துவமனைகூடப் பூஜ்ஜியம். வட்டம் சார் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நாம புத்தகமாப் போடணும்" என்றார். நான் ஆறு பூஜ்ஜியங்களை இரண்டு மொழியிலும் எழுதினேன். இரண்டிலும் அவை ஒரே மாதிரிதான் இருந்தன.

புத்தகத்துக்காக அக்காவின் முறையை எழுதிக்கொள்ள நான் போனேன். படுக்கை விரிப்பு அறையில், மடித்த விரிப்புகளுக்கு நடுவே என்னை ஒரு முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர் நின்றபடியே பேசினார். இரண்டு வாக்கியம் எழுதியிருப்பேன். கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"யக்கா, உனக்காக ஒரே ஒரு நாள் சீக்கிரம் வந்தேன். இப்போ ரோடு மொத்தமும் 'ஆறு மணிக்குள்ள வா'ன்னு நிக்குது. ஆறு இடத்துக்கும் ஆறு மணிக்கே போக எனக்கென்ன ஆறு லாரியா இருக்கு? நாலு மணிக்கே எழுந்திருக்கேன். என்னைப் பாத்துத்தான் சேவல் கூவுது."

"மெதுவாப் பேசுடா. ஆள் இருக்கு."

"இருக்கட்டும். இதைப் பாரு." சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து விரிப்புகளின்மேல் வைத்தான். குப்பைக் கிடங்கின் வாசலில் லாரியை நிறுத்தி எடை போட்டுத் தரும் சீட்டு. "இந்த ரோட்டுக்குத் தினமும் எண்ணூத்தி நாப்பது கிலோ. உங்க பூஜ்ஜியம் நாளன்னிக்கு எவ்வளவு தெரியுமா? ஆயிரத்து முன்னூத்திப் பத்து! ஆள் வருதுன்னு பழைய சாமான், கிழிஞ்ச காகிதம், வளைஞ்ச தட்டு எல்லாத்தையும் தூக்கி என் தலையில கொட்டிட்டாங்க. வருஷத்துலயே அதிகம் அன்னிக்குத்தான். கிடங்குல இருக்கிறவன் கேக்கிறான், 'உங்க ரோட்டுல ஏதாவது விசேஷமா?'ன்னு."

நான் பேனாவை மூடினேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஏம்மா மூடிட்டே?"

"நீங்க சொன்னா எழுதறேன், அக்கா" என்றேன்.

அவர் சீட்டை எடுத்து இரண்டு தடவை படித்தார். பிறகு தலையணை உறையை மடிப்பதுபோல நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். ஊரே ஆளுக்கொரு பூசணிக்காயோட கிளம்பிடுச்சு" என்றார். விரிப்பு அடுக்கைச் சரிசெய்தபடி, யாரிடம் என்றில்லாமல், "நல்ல நாற்காலி அது" என்றார்.

அடுத்த கூட்டம் விடுதியின் கீழ்த்தளக் கூடத்தில். வட்டம் சார் புத்தகத்தின் அட்டைக்கு மூன்று நிறம் காட்டிக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்றிருந்த அக்கா நடந்து வந்தார். 'டக், டக்' சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. சீட்டைப் பிரித்து மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

"சார், பூஜ்ஜியம் இல்ல. ஆயிரத்து முன்னூத்திப் பத்து. முதல்ல ஆரம்பிச்சது நான். அன்னிக்கு நீங்க வந்தப்ப குப்பை எல்லாம் என் முதுகுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு."

மேலாளரின் முகம் போன போக்கை நான் எந்த மொழியிலும் குறித்துக்கொள்ளவில்லை. அச்சக உரிமையாளர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மருத்துவமனைக்காரர் தரையைப் பார்த்தார். திடீரென்று பேக்கரி முதலாளி வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"எங்க கடையில நானே வண்டி தள்ளினேன், சார்! மாவுப் பை, கருகின ரொட்டி, எல்லாம். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஏன் நேரா உக்காராம இப்படிச் சாஞ்சு உக்காந்திருக்கேன்னு நினைச்சீங்க?"

பணிமனைக்காரர் சிரித்தார். பள்ளித் தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். வட்டம் சார் மட்டும் சிரிக்கவில்லை. பலகைக்குப் போய் ஆறு பூஜ்ஜியங்களையும் நிதானமாக அழித்தார். பிறகு சீட்டில் இருந்த எண்ணை எழுதினார். "நமக்குக் கிடைச்ச முதல் உண்மையான கணக்கு இதுதான்" என்றார்.

அதற்காக எல்லாம் சுமுகமாக முடிந்துவிடவில்லை. மேலாளர் அக்காவுடன் பதினோரு நாள் பேசவில்லை. பயிற்சியாளர் வேலை ரத்து. சுழல் நாற்காலி கணக்கர் அறைக்குப் போனது. மேசை விரிப்பை அக்கா வீட்டில் தையல் இயந்திரத்தின்மேல் போட்டார். "போச்சுன்னு அழுதீங்களா?" என்று கேட்டேன். "அழுதேனே. தரையில சொட்டு விழுந்துச்சு, துடைச்சிட்டேன்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் அவரே மேலாளர் அறைக்குப் போனார். "சார், வர்ற வியாழக்கிழமை அவங்களை மறுபடியும் கூப்பிடுங்க. வண்டியை மத்தியானம் வரைக்கும் விடப்போறதில்ல."

"மறுபடியும் மானத்தை வாங்கவா?"

"போன தடவை ஒளிச்சு வெச்சுக் காப்பாத்தினது நிஜ மானம் இல்லையே, சார்."

மேலாளர் நாட்காட்டியில் வியாழக்கிழமையைச் சுழித்தார். பிறகு, "மூக்குல கட்டிக்கிற துணி எத்தனை வேணும்?" என்றார்.

கார் நிறுத்தும் கொட்டகையில் நான்கு பழைய படுக்கை விரிப்புகளை விரித்து, ஒரு நாள் குப்பை முழுவதையும் அக்கா கொட்டி வைத்திருந்தார். கொட்டிய குப்பையும் மாடி வாரியாக, வரிசையாக இருந்தது. அதை மட்டும் அவரால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"இது மூணாவது மாடி. சோப்பு அறுபத்தோரு கட்டி, ஒண்ணும் பாதிகூடக் கரையல. ஒரு நாள் தங்கிறவங்களுக்கு ஒரு வாரச் சோப்பு வைக்கிறோம். இது சாப்பாட்டுக் கூடம். ரொட்டி எழுபது. கடிச்சதுகூட இல்ல."

பேக்கரி முதலாளி குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். "இது நம்ம ரொட்டியாச்சே! தினமும் இருநூறு வாங்குறீங்களே, எல்லாம் தின்னுத் தீக்கிறாங்கன்னுல நினைச்சேன்."

"சாதாரண நாள்ல எங்களுக்கு வேண்டியது நூத்தி முப்பதுதான். நீங்கதான் அம்பது அம்பதாத் தட்டுல அடுக்கி அனுப்புறீங்க. நூத்தம்பது வாங்கினா கூட்ட நாள்ல பத்தாதுன்னு இருநூறு வாங்குறாங்க."

"சின்னத் தட்டு இருக்கே, இருபது பிடிக்கிறது! கேட்டா அனுப்ப மாட்டேனா?"

"கேக்கணும்னு எங்களுக்குத் தெரியாதே."

"அனுப்பலாம்னு எனக்கும் தெரியலியே! தன் முதுகு தனக்குத் தெரியாதுங்கிறது சரியாத்தான் இருக்கு." அவர் அங்கேயே ஃபோனை எடுத்துக் கடைக்குச் சொல்லிவிட்டார்.

அன்று நான் ஒன்பது பக்கம் எழுதினேன்.

அதிலிருந்து மாதம் ஓர் இடம். எங்கே குப்பை கொட்டினாலும் அதைப் பிரித்துச் சொல்ல பளிங்கக்காவைத்தான் கூப்பிடுகிறார்கள். அச்சக உரிமையாளரும் மூன்றாம் மாதம் வந்து சேர்ந்தார்; வந்தவர், யாரும் கேட்காமலே கையுறை மாட்டிக்கொண்டார். பதவி என்று எதுவும் திரும்பி வரவில்லை. சாலையின் குப்பை எட்டு மாதத்தில் எண்ணூற்று நாற்பதிலிருந்து அறுநூற்றுப் பத்துக்கு இறங்கியிருக்கிறது. பூஜ்ஜியம் எங்கும் வரவில்லை. யாராவது அந்தச் சொல்லை எடுத்தால் அக்கா உடனே கை நீட்டுகிறார்: "சீட்டைக் காட்டுங்க."

போன வியாழக்கிழமை மறுபடியும் விடுதியின் முறை. விரிப்புகள் விரித்தாயிற்று. அக்கா குனிந்து குனிந்து முட்டியைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, மேலாளர் உள்ளே போனார். கணக்கர் அறையிலிருந்து அந்தச் சுழல் நாற்காலியை அவரே உருட்டிக்கொண்டு வந்தார். கொட்டகைத் தரை சரிவு. நாற்காலி அவர் பிடியை விட்டு நழுவி, தானாகச் சுற்றிக்கொண்டே போய்த் தலைமையாசிரியையின் கார்மேல் முட்டி நின்றது.

"உக்காருங்க" என்றார் மேலாளர், மூச்சு வாங்க.

அக்கா நாற்காலியைப் பார்த்தார், குப்பையைப் பார்த்தார். "ரொம்ப உயரம், சார். இங்கிருந்து கை எட்டாது."

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, முந்தானையால் ஒரு துடைப்புத் துடைத்து, அதன்மேல் உட்கார்ந்தார். விருந்தினர்கள் போகிற வருகிற வழியில், எல்லார் கண்ணிலும் படும்படி. ஆறு நிறுவனங்களின் ஆட்களும் சுற்றி நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் தம்பி ஹாரன் அடித்தான்.

"இருடா," என்றார் அக்கா தலை நிமிராமல், "இன்னும் ரெண்டாவது மாடியே முடியல."