கண்ணாடித் துண்டில் நான்கு சிவப்புத் துணுக்குகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை ஓவியக்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நுண்ணோக்கியில் தெரிவதைப் புகைப்படம் எடுக்கும் வசதி அங்கே இன்னும் வரவில்லை. மருத்துவர் சாயமேற்றிய கண்ணாடித் துண்டைப் பொருத்திக் கொடுப்பார். அவள் ஒரு கண்ணால் அதையும் மறு கண்ணால் தாளையும் பார்த்து வரைவாள். காசநோய் பரம்பரையாக வருவதல்ல, ஒரு கிருமியால் வருவது என்று தெரிந்து சில வருடங்களே ஆகியிருந்தன. நீலப் பரப்பில் நறுக்கிப் போட்ட சிவப்பு நூல்போல் கிடக்கும் அதை அவள் நூறு தடவைக்கு மேல் வரைந்திருந்தாள்.

மழையில் பிடித்த இருமல் வெயில் வந்தும் விடவில்லை. ஒரு மதியம், மருத்துவர் சாப்பிடப் போன நேரத்தில், தன் சளியைக் கண்ணாடியில் தடவித் தீயில் காட்டினாள். சிவப்புச் சாயமிட்டு, அமிலத்தில் அலசி, நீலம் ஏற்றிப் பார்த்தாள். நான்கு துணுக்குகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டைச் சற்று நகர்த்திப் பார்த்தாள். ஏழு.

மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வீடும் வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால், கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கும் மூன்று வயது மகள்.

"பிள்ளையைக் கிட்டயே சேர்க்க மாட்டேங்கற. என்ன ஆச்சு உனக்கு?" என்றான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் கணவன்.

"சளி. அவ்வளவுதான்."

அவள் விலகி விலகிப் போவதை மகள் விளையாட்டு என்று நினைத்துத் துரத்தினாள். ஒரு நாள் தாய் குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டாள். வெளியே சின்னக் கைகள் கதவைத் தட்டின. முதலில் சிரிப்புச் சத்தம், பிறகு அழுகை. அவள் திறக்கவில்லை.

மறுநாள் காலை அந்தக் கண்ணாடித் துண்டை மருத்துவரிடம் கொடுத்தாள்.

"இது யாரோடது? நம்பர் போடலையே."

"என்னோடது, டாக்டர்."

அவர் அதை நுண்ணோக்கியில் பொருத்திப் பார்த்தார். "இதுக்கு மருந்து இல்லைம்மா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். இங்கயே ஒரு ரூம் கொடுங்க. வரைஞ்சுக்கிட்டே இருக்கேன்."

கட்டடத்தின் கோடியில் சாமான் அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, திறக்க முடியாத ஒரு கண்ணாடி ஜன்னல். கதவைப் பூட்டியது யாருமில்லை; அதனாலேயே தினமும் பத்துத் தடவையாவது அவள் கை தாழ்ப்பாள் வரை போய்த் திரும்பியது.

ஞாயிறுதோறும் கணவன் மகளை ஜன்னலுக்கு அழைத்து வந்தான். முதலில் மகள் உள்ளே வர வேண்டுமென்று அழுதாள். பிறகு அழுகையை விட்டாள். அதுதான் தாயால் தாங்க முடியவில்லை. ஒரு முறை, தான் வரைந்த கிருமிப் படம் ஒன்றை உள்ளிருந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி மகளுக்குக் காட்டினாள்.

"இதுதான்டா என்னை இங்க அடைச்சு வெச்சிருக்கு."

"இத்தனூண்டா?"

"இதைவிடச் சின்னது. கண்ணுக்கே தெரியாது."

"அப்ப மிதிச்சுடும்மா."

அடுத்த வருடம் கணவன் தனியாக வரத் தொடங்கினான். "பாப்பா விளையாடிட்டு இருக்கா," என்பான். அவளும் மேற்கொண்டு கேட்க மாட்டாள்.

மாதம் ஒரு முறை தன் சளியைத் தானே பார்த்தாள். மருந்தில்லாமலே துணுக்குகள் குறைந்தன. பிறகு தொடர்ந்து ஆறு மாதம் ஒன்றுகூட இல்லை.

"வீட்டுக்குப் போங்க," என்றார் மருத்துவர்.

"திரும்ப வராதா?"

"அதை மட்டும் சொல்ல முடியாது."

இருபத்தாறு மாதம் கழித்து வீடு திரும்பியபோது, மகள் அதுவரை தன்னைப் பார்த்துக்கொண்ட அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நாலைந்து நாளில் பக்கத்தில் வர ஆரம்பித்தாள். மடியில் ஏற முயன்றபோது இவள்தான் சட்டென்று எழுந்து நகர்ந்தாள். மகளைத் தொட்டுத் தூக்க அவளுக்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.