கொசு ஆபீஸ் மூடிய பிறகு

ஜப்பான்காரர்கள் வருவதற்கு முன் நான் ஜார்ஜ்டவுனில் ஒரு மலேரியா ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். நோயாளிகளின் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் கிருமி தேடுவேன். ஊரில் அதைக் கொசு ஆபீஸ் என்பார்கள். கொசு பிடிக்கவா சர்க்கார் பணம் என்று கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்த என் அப்பாவே முணுமுணுப்பார். அந்தப் பணத்தில்தான் எந்தக் கொசு எந்த ஓடையில் முட்டையிடுகிறது என்று கண்டுபிடித்தோம். அதன்படிதான் தோட்டத்து ஓடைகளில் வாராவாரம் எண்ணெய் தெளித்தார்கள். தெளிக்கும் ஆட்களுக்கு என் கணவர்தான் கங்காணி.

ஆட்சி மாறியதும் பணம் நின்றது. நிலையத்தைப் பூட்டினார்கள். கணவர் கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோர் பக்கம், ரப்பரை அழித்து மரவள்ளி நட்ட ஒரு தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். நான் மகளோடு ஜார்ஜ்டவுன் இருக்கும் தீவிலேயே தங்கினேன்.

சில மாதங்களில் எங்கள் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, அக்கரையிலிருந்து வரும் மரவள்ளி குறைந்துகொண்டே போனது. விலை ஏறியது. விற்கிற சீனத்தியிடம் காரணம் கேட்டேன். தோண்ட ஆளில்லை, எல்லோரும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள் என்றாள். கணவரிடமிருந்து மூன்று வாரமாகச் செய்தி இல்லை.

மகளை அக்காவிடம் விட்டுவிட்டுப் படகேறினேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அவர் பாயில் சுருண்டு கிடந்தார். பக்கத்து வீடுகளிலும் அதே கதிதான். மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் வெயில் படும் தெளிந்த ஓடையில் குனிந்து பார்த்தேன். கொசுப்புழுக்கள் நெளிந்தன.

தோட்டத்தை நடத்திய ஜப்பானிய அதிகாரியிடம் போனேன். மொழிபெயர்க்க ஒரு தமிழர் இருந்தார். கேள்வி கேட்டால் கன்னத்தில் அறை விழும் என்று முன்பே எச்சரித்திருந்தார்.

"அண்ணே, நான் மருந்து கேக்கலன்னு சொல்லுங்க. ஓடையில ஊத்தப் பழைய எண்ணெய் குடுத்தா போதும். காய்ச்சல்ல கெடக்கிறவன் எப்படி மரவள்ளி தோண்டுவான்? பட்டாளத்துக்கு யாரு சாப்பாடு அனுப்புவா?"

கடைசிக் கேள்வியை அவர் சொன்னாரா, விழுங்கிவிட்டாரா, தெரியாது. அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். ஆறு வருடம் மலேரியா நிலையத்தில் வேலை பார்த்தேன் என்றேன்.

மறுநாள் லாரியில் இரண்டு பீப்பாய் கழிவெண்ணெய் வந்தது. மரவள்ளிக் காட்டைச் சுற்றி மட்டும் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. கொசு கடித்ததோ லயத்தில். எழுந்து நடக்க முடிந்த நான்கு பேர் கொட்டாங்கச்சியில் எண்ணெயை மறைத்து எடுத்துவந்து பின்பக்க ஓடையில் ஊற்றினோம். யாராவது காட்டிக் கொடுத்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வந்தது.

இரண்டு மாதத்தில் காய்ச்சல் தணிந்தது. ஆட்கள் காட்டுக்குத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் எண்ணெய் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா அக்கா?" என்று அவர் மனைவி கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கணவரைத் தீவுக்கு அழைத்துவந்தேன். படகில் அவருக்கு மறுபடி குளிர்காய்ச்சல் கண்டது. கரை சேரும்வரை அவர் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தேன்.