அம்மாவுக்குக் கடல் என்றால் பயம்

எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பேச்சு உண்டு. சொன்ன ஆள் போன பிறகும் அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். யாராவது தட்டைத் தள்ளிவைத்தால், "வவுத்துக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா, துன்னு" என்போம். அது அப்பாவுடையது. பழசை யாராவது கிளறினால், "அதுக்குத்தான் மண்ணு போட்டாச்சே" என்போம். அது அம்மாவுடையது. எவ்வளவு உயர்ந்த மாம்பழத்தை வாங்கி அறுத்து வைத்தாலும், "அணில் கடிச்ச டேஸ்ட் வராது" என்று என் தம்பி சொல்வான்.

"அம்மாவுக்குக் கடல்னா பயம்" என்ற பேச்சு மட்டும் எல்லாருக்கும் பொது.

நான் பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்துகிறேன். பரீட்சை முடிந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, "ஆண்ட்டி, லீவு, ஊருக்குக் கெளம்பறோம்" என்று நிற்கும்போது அந்த முகங்களில் ஒரு வெளிச்சம் இருக்கும். எங்களுக்கும் அந்த வெளிச்சம் இருந்தது. அதில் பொய் இல்லை. அதை யார் எண்ணெய் ஊற்றி எரியவிட்டது என்பதுதான் எனக்குப் பிறகு தெரிந்தது.

எங்கள் வீடு செங்கல்பட்டை அடுத்து, ஏரிக்கரை ஓரம். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் அம்மா துணிமூட்டை கட்டுவாள். "லீவு வுட்டாச்சு, தோப்புக்குப் போலாம் வாங்கடா" என்பாள். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், உள்ளே தள்ளி ஒரு மாந்தோப்பு. முன்பக்கம் தோப்புக்காரருடைய பங்களா. பின்பக்கம் கடைசி வரிசை மரங்களுக்கு அடியில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டாய். பள்ளிக்கூடம் திறக்கும் வரை அந்தக் கொட்டாய் எங்களுடையது.

காவலுக்குப் போகிறோம் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. எங்களுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரிதான் இருந்தது. பகலில் ஆளுக்கு ஒரு தகர டப்பாவும் குச்சியும் கொடுத்து, "அணில் வந்தா தட்டுங்க, கிளி வந்தா தட்டுங்க, யாரு சத்தம் ஜாஸ்தின்னு பாக்கலாம்" என்று அம்மா போட்டி வைப்பாள். காவல் வேலையில் பாதியை அப்படித்தான் எங்களை வைத்து முடித்தாள். மீதிப் பாதியை, சருகு கூட்டுவது, பாத்திகட்டித் தண்ணீர் பாய்ச்சுவது, விழுந்ததைப் பொறுக்கிக் கூடையில் சேர்ப்பது எல்லாவற்றையும், பாட்டுப் பாடுகிற மாதிரி எங்களோடு பேசிக்கொண்டே செய்தாள். அப்பா பகலில் வேறு கூலிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து, இரவுக் காவலுக்குத் தடியை எடுத்துக்கொள்வார்.

தோப்பில் ஒரு சட்டம் இருந்தது. மரத்தில் இருப்பதும் பங்களாவுக்கு, கீழே விழுந்ததும் பங்களாவுக்கு. பல் பட்டது மட்டும் காவல்காரருக்கு. அதனால் அணிலை விரட்ட வைத்திருந்த நாங்களே அணிலுக்காக ஏங்கினோம். தகரத்தைத் தட்டிக்கொண்டே தம்பி மெதுவாகச் சொல்வான்: "ஒரே ஒரு கடி கடிச்சிட்டு ஓடிடு, இன்னா?" அவன் அப்போது ஒண்ணாவது படித்து முடித்திருந்தான். அணில் கடித்த ருமானிப் பழம் கிடைத்தால், பல் பட்ட இடத்தை அம்மா அரிவாள்மணையில் சீவிவிட்டு எங்கள் இருவருக்கும் பிரிப்பாள். பழுக்காததில் கடி விழுந்தால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்குள் போகும். கொட்டையைச் சப்புகிற உரிமைக்காக நானும் தம்பியும் உருண்டு புரண்டு அடித்துக்கொள்வோம். நிஜமாகவே அந்த மாதிரி ஒரு ருசியை நான் திரும்பப் பார்க்கவில்லை. தம்பி சொல்வதில் தப்பில்லை.

லீவு முடியும் நேரத்தில் ஒரு நாள், அப்பா எங்களை பஸ்ஸில் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போவார். தோப்பிலிருந்து கிளம்பிப் போய், கடற்கரையில் மாங்காய்ப் பத்தை விற்கிறவளைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். "ஏன்டி, மாங்காக் காட்டுலேர்ந்து வந்துட்டு மாங்காக்கு அழுவுற" என்று அப்பா சிரிப்பார். மிளகாய்த்தூள் போட்ட பத்தையை வாங்கியும் தருவார்.

அம்மா மட்டும் வரமாட்டாள். "எனக்குக் கடல்னா பயம்ப்பா. நீங்க போய்ட்டு வாங்க" என்பாள். தகர டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தோப்பு கேட்டில் நின்று வழியனுப்புவாள். நாங்கள் ஈரத் துணியோடும் மணலோடும் திரும்பி வந்தால், கேட்டிலேயே மறித்துக் கேட்பாள்: "அலை எம்மாம் ஒசரம் வந்துது?" தம்பி குதிகாலைத் தூக்கிக்கொண்டு, கையைத் தலைக்கு மேலே காட்டுவான். அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொள்வாள். "அய்யய்யோ, நல்லவேள, நான் வர்ல!" அவள் பயப்படுவதைப் பார்க்கத் தம்பிக்கு அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு வருஷமும் அலை உயர்ந்துகொண்டே போனது.

கடைசியாக அங்கே போன வருஷம், தம்பிக்குக் காய்ச்சல். கொட்டாயில் பாயில் கிடந்தான். வாய் கசக்கிறது, பழம் வேண்டும் என்று காலையிலிருந்து அனத்தினான். அன்றைக்கென்று ஒரு அணிலும் கடிக்கவில்லை. மத்தியானம் அம்மா, கீழே விழுந்திருந்த ஒரு பழத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே பங்களாம்மா வந்தாள். தோப்புக்காரர் பெண்சாதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கூடையில் பழம் குறைகிறது என்று அவளுக்குச் சந்தேகம்.

"மடியில இன்னாடி வச்சிகினு கீற? அவுத்துக் காட்டு."

அம்மா அசையவில்லை.

"அவுத்துக் காட்டுன்றேன்ல. புடவைய ஒதறு."

அம்மா உதறினாள். பழம் விழுந்தது. பங்களாம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பல்லு பட்ட எடம் எங்கடி? காட்டு, பாக்கலாம்."

"கீழ விழுந்ததும்மா. கொழந்தைக்கு ஜொரம், அதான்..."

"வுழுந்துதா, நீ பறிச்சியான்னு பழம் வந்து சொல்லப் போவுதா?" பழத்தைக் கீழே போட்டாள். "உம் மடியில கெடந்தத இனிமே யாரு துன்றது? நீங்களே துன்னுங்க." சொல்லிவிட்டுக் காலால் தள்ளினாள். பழம் உருண்டு போய்த் தம்பியின் பாயில் முட்டி நின்றது. தம்பி எழுந்து உட்கார்ந்து கைதட்டினான்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் மூட்டை கட்டிவிட்டோம். லீவு பாதியில் போய்விட்டதே என்று நாங்கள் அழுதோம். "பள்ளிக்கூடம் சீக்கிரமா தொறக்கறாங்களாம்" என்றாள் அம்மா. பள்ளிக்கூடம் எப்போதும் போலத்தான் திறந்தது.

அதற்கப்புறம் தம்பி நன்றாகப் படித்தான். இப்போது நல்ல வேலை, சொந்த ஃப்ளாட், கார். அப்பா இல்லை. அம்மா என்னோடு இருக்கிறாள். போன கோடையில் தம்பி தன் மனைவி, மகளோடு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தான். வாசல்படி ஏறும்போதே கத்தினான். "அக்கா, நம்ம தோப்பு கீதே, அத இப்ப ரிசார்ட் ஆக்கிட்டாங்க! முக்கால்வாசி மனை போட்டு வித்துட்டாங்களாம், பங்களாவும் கொஞ்சம் மரமும் அப்டியே கீதாம். எல்லாரும் போறோம். அம்மாவுக்குத்தான் மெயின் சர்ப்ரைஸ்."

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கு முட்டி வலி. நீங்க போய் வாங்க."

"அப்பா, அந்த மேஜிக் கதை சொல்லு" என்றாள் தம்பி மகள்.

அவன் சோற்றுக் கையோடு ஆரம்பித்தான். "எனக்கு ஜொரம். பழம் வேணும்னு அழுவுறேன். ஆயா வந்து புடவைய ஒரு ஒதறு ஒதறுனாங்க பாரு, மடியிலேர்ந்து மாம்பழம் குதிக்குது! குதிச்சி, அதுவா உருண்டு வந்து, கரெக்டா எங்கிட்ட நிக்குது. அந்த மாதிரி பழம் நான் துன்னதே இல்ல."

இந்தக் கதையை அவன் சொல்லி நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கால் தெரியும். மெட்டி போட்ட கால். அன்றைக்கு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"டேய், அது அதுவா உருளலடா" என்றேன். "பங்களாம்மா காலால தள்ளுனா. அம்மா திருடிட்டாங்கன்னு சொல்லி, புடவைய ஒதறச் சொல்லி..."

"இன்னாடி ஒளர்ற?" என்றாள் அம்மா. கரண்டி பாத்திரத்தில் விழுந்த சத்தம் கேட்டது. "அந்தம்மா எங்க வந்தா அங்க? நீ எங்க இருந்த? மோட்டார் கொட்டாய்ல வெள்ளாடிகினு இருந்த."

"அம்மா, நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்."

"கனவு கண்டுகீறா." தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். "நான்தான் உருட்டி வுட்டேன்டா, நீ சிரிக்கணும்னு. இவளுக்கு எதுன்னா ஒரு கத கட்டணும்."

தம்பி என்னைப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் சுருங்கித் திரும்ப விரிந்தது. "அக்காவுக்குச் சீரியல் எழுத சான்ஸ் வாங்கிக் குடுக்கணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சந்தேகம் மிச்சமில்லாமல் போக வேண்டும் என்றோ என்னவோ, அம்மா சொன்னாள்: "நானும் வரேன். புக் பண்ணுடா."

அன்றைக்கு ராத்திரி, ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று நான் கேட்டதற்கு, "அதுக்குத்தான் மண்ணு போட்டாச்சே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்குன்னு நான் குடுத்தது அது ஒண்ணுதான் கீது. அதையும் புடுங்கறியா?" என்றாள். மகளைப் பார்ப்பது போல அல்ல, யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாம் உண்மை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போனோம். பங்களாவில் இப்போது சாப்பாட்டுக் கூடம். தங்குவதற்கு வரிசையாக அறைகள். எல்லாம் ஓலை வேய்ந்தது, உள்ளே ஏசி. "பாத்தியாம்மா, நம்ம கொட்டாய் மாதிரியே கட்டிகீறாங்க" என்று தம்பி பூரித்துப் போனான். அம்மா முன்வாசல் படியில் கால் வைக்கும் முன் ஒரு நிமிஷம் நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். "போட்டுகினே வாம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான் தம்பி. அவளை அந்தப் படியில் முன்பு யாரும் ஏறவிட்டதில்லை என்பது அவனுக்கு நினைவில்லை. நான் சொல்லவில்லை. சொல்லி ஆன கதைதான் தெரியுமே.

தம்பி மகள் மரத்தடியிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு பக்கம் கொறித்திருந்தது. "அப்பா, அணில் கடிச்சது!"

"ச்சீ, கீழ போடு" என்று பதறினாள் தம்பி மனைவி. "வௌவாலு கடிச்சதோ என்னமோ. என்னென்ன வைரஸ் வருது இப்ப."

"ஆமா கண்ணு, போட்டுடு. போய்க் கைய சோப்புப் போட்டுக் கழுவு" என்றான் என் தம்பி, அணில் கடித்த டேஸ்ட் வராது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவன். குழந்தை போட்டது. அம்மா குனிந்து அதை எடுத்தாள். முந்தானையால் துடைத்து, பக்கத்தில் இருந்த சிமெண்ட் திண்டின் மேல் வைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்ததை நான் பார்த்தேன். தம்பி பார்க்கவில்லை. காரில் சாமான் ஏற்றிக்கொண்டே மனைவியிடம் சொன்னான்: "அம்மா வர மாட்டாங்க. அவுங்களுக்குக் கடல்னா பயம்." பிறகு இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னான்: "பேக்கெல்லாம் இங்கயே கீதும்மா. லேப்டாப் வேற உள்ள கீது. கொஞ்சம் பாத்துக்கோ, இன்னா? அக்கா, நீ வரியா?"

"நான் அம்மாகூட இருக்கேன்."

கார் போன பிறகு தோப்பு அமைதியானது. மேலே எங்கோ அணில் கத்தியது. அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ம்மா, நெஜமாவே உனக்குக் கடல்னா பயமா?"

அவள் கிழக்குப் பக்கம் பார்த்தாள். மரங்களைத் தவிர அங்கே ஒன்றும் தெரியாது. "போயிருந்தாதானே தெரியும்" என்றாள்.

நான் எழுந்து அவள் பக்கத்தில் குனிந்தேன். "எழுந்திரு. ரோட்டுக்குப் போனா ஆட்டோ கெடைக்கும். பஸ்ஸு கூட கீது. வா, போலாம்."

அவள் எழுந்தே விட்டாள். முட்டியில் ஒரு கையை ஊன்றி, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்து. செருப்பைக்கூடக் காலால் தேடினாள். அப்போதுதான் திண்டின் மேல் வரிசையாக இருந்த பைகளைப் பார்த்தாள்.

"பாத்துக்கச் சொல்லிட்டுப் போய்கீறானே."

"உள்ள வச்சி ரூமைப் பூட்டிட்டுப் போலாம்மா. ஆபீஸ்ல சொல்லிட்டுப் போலாம்."

"எதுன்னா ஒண்ணு கொறஞ்சா யாரக் கேப்பாங்க?" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டும் நேரத்தில் கார் வந்தது. மணலும் ஈரமுமாகத் தம்பி மகள் ஓடிவந்தாள். பேப்பரில் சுற்றிய மாங்காய்ப் பத்தையை ஆயாவின் கையில் திணித்தாள். அம்மா அதைப் பிரிக்கவில்லை. குழந்தையின் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அலை எம்மாம் ஒசரம் வந்துது?"

குழந்தை குதிகாலைத் தூக்கிக்கொண்டு, கையைத் தலைக்கு மேலே காட்டியது.

"அய்யய்யோ" என்று அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "நல்லவேள, நான் வர்ல."

தம்பி சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான். "பாத்தியாக்கா, இன்னும் அதே பயம்!"