வெர்னா பெல்கி வாயைத் திறந்த காலை

வெர்னா பெல்கி இருபத்தெட்டு வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டினாள். பனியில் சக்கரம் வழுக்கிய நாளில்கூட அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் வண்டியை ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியில் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். ஐந்து நிமிஷத்தில் சத்தம் அடங்கிவிடும். அவளுக்குப் பேச்சே ஆகாது. சொந்த விஷயம் என்றால் சுத்தமாக ஆகாது. முப்பது வருஷமாக நான் பக்கத்து வீடு. அவளுக்குப் பித்தப்பை எடுத்தது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

ஊருக்கு அவள் மனசைத் திறந்து காட்டியது வருஷத்துக்கு ஒரு காலையில்தான். இலையெல்லாம் உதிர்ந்து, மான் வேட்டைப் பருவம் திறக்கிற முதல் சனிக்கிழமை. மெய்ன் மாநிலத்தில் எங்களைப் போன்ற சின்ன ஊர்களில் அன்றைக்கு நாலு மணிக்கே விவசாயிகள் சங்கக் கூடத்தில் விளக்கு எரியும். துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டு, காட்டில் மற்றவர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்கப் போடுகிற ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியுமாக ஊரே வந்து உட்காரும். பக்கத்து ஊர்க் கூடங்களிலும் காலைச் சாப்பாடு உண்டு. ஆனால் வெர்னாவின் ஆப்பிள் பான்கேக்குக்காக நாற்பது மைல் வண்டி ஓட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மற்றவர்கள் ஆப்பிளை அரிந்து மாவில் கொட்டிக் கலக்கிவிடுவார்கள். வெர்னாவுக்கு அது பிடிக்காது. "மாவுக்குள்ள போட்டா பழம் வேகாதுடி நெட்டி, மாவு மட்டும் நசநசன்னு ஆயிடும்" என்று என்னிடம் சொல்வாள். டட்டில் மேட்டில் ஆளில்லாமல் விட்டுப்போன பழைய தோட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே காய்க்கிற புளிப்பு ஆப்பிள்தான் வேண்டும், அதுவும் முதல் உறைபனி விழுந்த பிறகு பறித்தது. தோலோடு மெல்லிசாக அரிந்து, கல்லில் வெண்ணெய் உருகியதும் வட்டமாக அடுக்குவாள். மேலே பட்டை, ஜாதிக்காய், சுக்கு, துளி கிராம்பு சேர்த்து இடித்த பொடியும் பழுப்புச் சர்க்கரையும் தூவுவாள். அது குமிழிட்டு மணம் கிளம்பிய பிறகுதான் மோரும் ஆப்ப சோடாவும் விட்டுக் கரைத்த மாவை மேலே ஊற்றுவாள். ஓரம் காய்ந்து, நடுவில் ஓட்டை ஓட்டையாக நின்றதும் ஒரே ஒரு தடவை திருப்புவாள். தொட்டுக்கொள்ள, பாகு பதத்துக்குச் சுண்டக் காய்ச்சிய ஆப்பிள் சாறு. மேப்பிள் பாகு கேட்டால் முறைப்பாள்.

அவள் புருஷன் ஆல்டன். காட்டில் மரம் வெட்டினவர், மர மில்லிலும் வேலை பார்த்தவர். ஊரில் அவரைப் போல மான் குறி பார்த்தவர் கிடையாது. வருஷா வருஷம் முதல் மான் பெரும்பாலும் அவருடையதுதான். இந்த வசந்தத்திலிருந்து அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. பதினைந்து வருஷம் முன்னால் மூடிப்போன மர மில்லுக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போனார். பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் நடந்தார். வெர்னா வண்டிச் சாவியை ஒளித்துவைத்துவிட்டு, "வண்டி ரிப்பேர்" என்று ஊருக்குச் சொன்னாள். வேறு ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆல்டன் அவர்கள் வீட்டு முன்படியில் நின்று துப்பாக்கியைத் தூக்கிக் குறி வைத்தார். குழல் போன திசையில் பார்த்தேன். எங்கள் பழுப்புக் குதிரை புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"கொம்பைப் பாத்தியா வெர்னா? எட்டு கிளை!" என்றார்.

வெர்னா கதவைத் திறந்துகொண்டு வந்து, குழலை உள்ளங்கையால் மெதுவாகக் கீழே அழுத்தினாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "சும்மா குறி பாக்குறான்" என்றாள். மறுநாள் ஒரு பெரிய ஜாடி நிறைய ஆப்பிள் பாகு கொண்டுவந்து என் சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது. அன்றே வனக் காவலருக்குப் போன் போட்டிருக்க வேண்டும். அவள் மனசு நோகுமே என்று சும்மா இருந்தேன். என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அந்தச் சனிக்கிழமை காலை நானும் அவளும் மூன்றரை மணிக்கே கூடத்தில் இருந்தோம். நான் காபி, அவள் கல். அவள் ஆப்பிள் அரிய ஆரம்பித்ததும், இனியும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஆல்டன் இன்னிக்குக் காட்டுக்குப் போறாரா?"

"போறான்."

"வெர்னா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? எங்க குதிரைய மறந்துட்டியா?"

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு சமையலுக்காக இடுப்பில் கட்டியிருந்த துணியின் பையைத் தட்டிக் காட்டினாள். உள்ளே இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது. "துப்பாக்கியோட போல்ட்டக் கழட்டி வெச்சிருக்கேன். அது இல்லாம தோட்டா உள்ள போகாது, வெடிக்கவும் வெடிக்காது. அவனுக்கு அது தெரியாது. ரோவீனா முன்னாடியே மேட்டுக்குப் போயிட்டா. மறைவா நின்னு அவன் மேல ஒரு கண்ணு வெச்சிருப்பா. ரெண்டு மணி நேரம் தோட்டத்துல உட்காருவான், குளிரும், திரும்பி வந்துடுவான். அவ்வளவுதான்."

ரோவீனா அவர்களுடைய ஒரே பெண். முப்பத்து நாலு வயசு, மூன்று தெரு தள்ளி இருக்கிறாள்.

"ஊருக்குச் சொல்லிட்டாத்தான் என்ன?"

"சொன்னா நாளைலேர்ந்து அவன யாரு மனுஷனா மதிப்பாங்க? ஐயோ பாவம்னு பாப்பாங்க. இந்த ஒரு வருஷம், நெட்டி. இந்த ஒரு வருஷம் அவன் ஆல்டன் பெல்கியாவே போயிட்டு வரட்டும்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் போல்ட் அவள் பையில் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஐந்தரைக்கு ஆல்டன் நடந்தே வந்து, துப்பாக்கியை வாசலில் சாய்த்து வைத்தார். முகம் மழித்து, சட்டைப் பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார். பொத்தான் போட்டுவிட்டது யார் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் மேஜையில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள்.

"என்ன ஆல்டன், எங்களுக்கும் ஒண்ணு ரெண்டு விட்டு வைப்பியா?"

"ஓடத் தெரிஞ்சதா பாத்து விட்டு வைக்கிறேன். நீ அதத் தொரத்திக்கிட்டே கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடு" என்றார். மேஜையே சிரித்தது. பழைய ஆல்டன்தான். நான்கூட ஒரு நிமிஷம் ஏமாந்தேன். காபி ஊற்றப் போனபோது என்னை நிமிர்ந்து பார்த்து, "ரொம்ப நன்றிங்க மேடம், இந்த ஊருக்குப் புதுசா?" என்றார்.

நான் காபியை மேஜையில் சிந்திவிட்டேன்.

ஆறு மணி வாக்கில் கிளம்பினார். டட்டில் மேட்டுத் தோட்டம் கூடத்திலிருந்து அரை மணி நடை. வெர்னா ஜன்னல் வழியாக அவர் ஆரஞ்சுத் தொப்பி இருட்டில் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்லில் இருந்தது கருகி, பட்டை தீய்ந்த நெடி மூக்கில் ஏறியது. இத்தனை வருஷத்தில் அவள் ஒன்றைக்கூடக் கருக விட்டதில்லை. சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டாள்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் எங்களுக்குத் தலை நிமிர நேரமில்லை. வெளியே மெல்ல வெளுத்தது. குறி பார்க்கிற அளவுக்கு வெளிச்சம் வந்துவிட்டது. அப்போதுதான் டெல்மர் லீவிட் இரண்டாவது தட்டுக்கு வந்தான். முழங்கால் வலிக்காரன், எப்போதும் தாமதமாகத்தான் காட்டுக்குப் போவான். நல்லவன். ஆனால் நல்லது செய்துவிட்டு அதைச் சொல்லிக்காட்டாமல் இருக்க முடியாது அவனால்.

"அக்கா, ஒண்ணு எக்ஸ்ட்ரா போடுங்க. இன்னிக்கு உங்க வீட்டுக்காரர நான்தான் காப்பாத்தினேன்."

வெர்னா கையில் கரண்டியோடு நிமிர்ந்தாள். "என்ன சொல்ற?"

"அவர் கிளம்புறப்ப வாசல்ல என் வண்டி லைட்டுல பாக்குறேன், அவர் துப்பாக்கில போல்ட்டே இல்ல! வீட்டுல தொடச்சு வெச்ச எடத்துல மறந்துட்டாரு போல. எனக்கே அப்படி ஆயிருக்கு. திறப்பு நாளும் அதுவுமா மனுஷன வெறுங்கையோட எப்படி அனுப்புறது? என் வண்டில இருந்த இன்னொரு துப்பாக்கிய எடுத்துக் குடுத்தேன். தோட்டாவும் குடுத்தேன். சந்தோஷத்துல என் கையப் பிடிச்சுக்கிட்டாரு."

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். வேட்டை திறக்கிற நாளில் ஒருவன் துப்பாக்கி பழுதானால், அடுத்தவன் தன் கையில் இருப்பதைக் கேட்காமலே நீட்டுவான். இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டது வெர்னாவின் தப்பு. என் தப்பும்தான்.

வெர்னாவின் முகம் வெளிறிப்போனது. "ரோவீனா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அப்போது கேட்டது. டட்டில் மேட்டுப் பக்கம், ஒரே ஒரு வெடி.

சீசனின் முதல் வெடி காதில் விழுந்தால் கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் மேஜையைக் குத்த வேண்டும். அது எங்கள் வழக்கம். இன்னும் காட்டுக்குக் கிளம்பாமல் இருந்த நாற்பது பேர் கை முஷ்டியால் குத்தினார்கள். தட்டும் கரண்டியும் குதித்தன. "தோட்டத்துப் பக்கம்! ஆல்டன்தான்! கிழவன் அடிச்சுட்டான்யா!" என்று கூச்சல். ஒருவன் ஓடிவந்து வெர்னாவின் முதுகில் தட்டி, "வாழ்த்துக்கள்!" என்றான்.

வெர்னா வாயைத் திறந்தாள். அவள் குரல் கூச்சலில் எடுபடவில்லை. பிறகு கரண்டியால் கல்லின் விளிம்பில் ஓங்கி அடித்தாள்.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!"

கூடம் அப்படியே அடங்கியது.

"என் புருஷனுக்கு நெனவு போயிடுச்சு. மனுஷனுக்கும் மானுக்கும் வித்தியாசம் தெரியல. ஆறு மாசமா மறைச்சேன். என் பொண்ணு அங்க நிக்கிறா. அவன் துப்பாக்கில தோட்டா இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. யாராவது போங்க. தயவு செஞ்சு போங்க!"

நாற்காலிகள் சரிந்தன. பத்து பேர் ஓடினார்கள். டெல்மர் முழங்காலை மறந்து முதல் ஆளாக ஓடினான். மேட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது. நாங்கள் செய்ய ஒன்றுமில்லை.

வெர்னா திரும்பிக் கல்லுக்குப் போனாள். ஆப்பிளை அடுக்கினாள், பொடி தூவினாள், மாவை ஊற்றினாள். சாப்பிட ஒருவருக்கும் மனசில்லை. தட்டில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்தது.

"விடு வெர்னா, வந்து உட்காரு."

"கை நின்னா விழுந்துடுவேன். நீ போய் ஜன்னல்ல நில்லு."

நான் ஜன்னலில் நின்றேன். எனக்குத் தெரிந்த பிரார்த்தனை எல்லாம் பாதி பாதியாகத்தான் வாயில் வந்தது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மூன்று வண்டிகள் மெதுவாக வந்தன. அவ்வளவு மெதுவாக வருவதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

முதல் வண்டியிலிருந்து ரோவீனா இறங்கினாள். தானாக நடந்து வந்தாள். கன்னத்தில் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். துணி சிவந்திருந்தது. வெர்னா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"மரப்பட்டை தெறிச்சதுதாம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றாள் ரோவீனா. "மான் அப்பாவுக்கும் எனக்கும் நடுவுல வந்துச்சு. அத அடிச்சாரு. குண்டு அதத் தாண்டி என் தலைக்குப் பக்கத்து மரத்துல விழுந்துச்சு. ஒரு சாண் தூரம். 'அப்பா'ன்னு கத்துனேன். அவருக்குக் கேட்டுச்சு. என்னையே பாத்தாரு. திரும்பி மானை அறுக்க ஆரம்பிச்சுட்டாரு."

பின்னாலேயே ஆல்டன் உள்ளே வந்தார். மணிக்கட்டு வரை மான் ரத்தம். வெளியே டெல்மரின் வண்டியில் எட்டுக் கிளைக் கொம்பு தெரிந்தது. வாசலிலேயே நின்று, நெஞ்சை நிமிர்த்தி, சிரித்துக்கொண்டு காத்திருந்தார். முதல் மான் அடித்தவன் உள்ளே வரும்போதும் மேஜை குத்த வேண்டும். அவருக்கு அது மறக்கவில்லை.

ஒரு கை எழவில்லை. டெல்மர் ஆல்டனிடமிருந்து திரும்ப வாங்கிய தன் துப்பாக்கியை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். சிலர் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள், ஏனென்று அவர்களுக்கே தெரியாது.

ஆல்டனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"என்னய்யா இது? யாரு செத்தா?"

வெர்னா மகளை என் கையில் விட்டுவிட்டுப் போய், அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். ஈரத் துணி எடுத்து விரல் விரலாக ரத்தத்தைத் துடைத்தாள். தட்டில் ஒரு பான்கேக் வைத்தாள்.

"யாரும் சாகல ஆல்டன். சாப்பிடு."

"நல்ல குறிதானே வெர்னா?"

"நல்ல குறிதான்."

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். பக்கத்து மேஜையில் ரோவீனாவை நான் உட்கார வைத்துக் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆல்டன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு வெர்னா பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாவம், அந்தப் பொண்ணுக்கு ஏதோ கஷ்டம் போலருக்கு. அவளுக்கும் ஒண்ணு போட்டுக் குடு."